பெர்லின் நேச நாட்டு அருங்காட்சியகம்: ஒரு ரேஷன் கடைக்காரனின் பார்வை

முப்பத்திரண்டு ஆண்டுகள் நியாயவிலைக் கடையில் மூட்டை பிரித்து எடை போட்டவன் நான். மகளைப் பார்க்க பெர்லின் வந்த இடத்தில், முதல் வேலையாக ஒரு சுற்றுலா நிறுவனத்துக்கு 25 யூரோ தண்டம் அழுதேன். நகரம் இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே எல்லைச் சாவடி இருந்த ஃபிரெட்ரிக் தெருவில், ஒரு வெள்ளைக் காவல் கூண்டின் முன் எங்களை நிறுத்தி, ‘இதுதான் செக்பாயின்ட் சார்லி, படம் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார் வழிகாட்டி. அது நகல் என்று மூச்சுவிடவில்லை. “அசல் நகரின் தென்மேற்கே டாலெமில், நேச நாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது அப்பா, பார்க்கக் காசும் வேண்டாம்” என்று வீட்டுக்கு வந்தபின் மகள் சொன்னாள்.

மறுநாள் போனோம். அமெரிக்கச் சிப்பாய்களுக்காகக் கட்டிய ‘அவுட்போஸ்ட்’ என்ற பழைய திரையரங்குதான் இந்த அருங்காட்சியகம். 1990 ஜூனில் கிரேன் வைத்துத் தூக்கிய அந்தக் கூண்டு வெளியே திறந்தவெளியில் நிற்கிறது. மகள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என் கண் பக்கத்திலிருந்த விமானத்தின் மேல் போய்விட்டது.

பிரிட்டனின் ஹேஸ்டிங்ஸ் சரக்கு விமானம் அது. வால் தரையில் படிந்து மூக்கு வானத்தைப் பார்க்கிறது. அப்படியானால் உள்ளே தளம் சரிவாகத்தான் இருக்கும். முதுகில் மூட்டையோடு அந்த மேட்டில் ஏறியவர்களை நினைத்தபோது என் இடுப்பு வலித்தது. அதில் பெரும்பாலும் ஏற்றியது நிலக்கரி.

போர் முடிந்ததும் ஜெர்மனியையும் பெர்லினையும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் நான்கும் பங்கு போட்டுக்கொண்டன; பெர்லினைச் சுற்றியிருந்தது சோவியத் பங்கு. 1948 ஜூனில் மேற்கு நாடுகளின் பகுதிகளில் புதிய மார்க் நாணயம் வந்ததும், மேற்கு பெர்லினுக்கு வரும் சாலை, ரயில், நீர்வழி எல்லாவற்றையும் சோவியத் தரப்பு அடைத்துவிட்டது. ஹிட்லரை வீழ்த்தும்வரை ஒரே அணியில் இருந்தவர்கள், மூன்றே ஆண்டில் அடுப்பங்கரையை வைத்து மல்லுக்கு நின்றார்கள். மேற்கு பெர்லினின் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு மாவு, பால் பவுடர், கரி என்று எல்லாமே வானத்திலிருந்து இறங்கியாக வேண்டும். மொத்தம் சுமார் 23 லட்சம் டன். அதில் மூன்றில் இரண்டு பங்கு கரிதான்.

எடை தெரிந்தவன் மூளை அதில் வேலை செய்திருக்கிறது. உருளைக்கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீருக்கு எதற்குப் பெட்ரோல் என்று காயவைத்த கிழங்கை அனுப்பினார்கள். உப்பு விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும் என்பதால், கடல்நீருக்குப் பழகிய சண்டர்லேண்ட் பறக்கும் படகுகளில் ஏற்றி ஹாஃபெல் ஏரியில் இறக்கினார்கள். எங்கள் கடையில் உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து நான் துருப்பிடிக்கவிட்ட இரண்டு கிலோ எடைக்கல் நினைவுக்கு வந்தது. 1949 மே 12-இல் முற்றுகை நீங்கிய பிறகும் செப்டம்பர்வரை விமானங்களை நிறுத்தவில்லை. சரியான முடிவு. இருப்பு இல்லாத கடைக்காரனை எவனும் மிரட்டலாம்.

கைக்குட்டையைப் பாராசூட்டாகக் கட்டிக் குழந்தைகளுக்கு மிட்டாய் போட்ட விமானி ஹால்வர்சனின் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். நல்ல மனிதர். எனக்கு என்னவோ கரி மூட்டை சுமந்தவர்கள்மேல்தான் மனம் போனது.

அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறைகள் சோவியத் தொலைபேசிக் கம்பிகளை ஒட்டுக்கேட்கத் தோண்டிய சுரங்கத்தின் ஒரு துண்டும் இங்கே இருக்கிறது. தோண்டும் முன்பே பிரிட்டிஷ் உளவாளி ஜார்ஜ் பிளேக் மாஸ்கோவுக்குச் சொல்லிவிட்டான். தங்கள் ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று சோவியத் உளவுத் துறை தெரியாததுபோல் இருந்து, 1956 ஏப்ரலில்தான் ‘கண்டுபிடித்தது’. மகளுக்குப் பிடித்தது இதுதான். அரை மணி நேரம் நகரவில்லை.

யு3 ரயிலில் ஆஸ்கார்-ஹெலெனே-ஹைம் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். திங்கட்கிழமை விடுமுறை. இங்கே இருப்பது மேற்கு நாடுகளின் கதை. சோவியத் பக்கத்தைப் பார்க்க நகரின் கிழக்கே கார்ல்ஸ்ஹார்ஸ்ட் போக வேண்டும். 1945 மே மாதம் ஜெர்மனி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட கட்டடம் அங்கேதான் அருங்காட்சியகமாக இருக்கிறது. வியாழக்கிழமை போகிறோம். வழிகாட்டி வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.