பன்னிரண்டு வருஷத் தரிசு: தென்னையா, கடலையா, கொறங்காடா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், எருத்தேம்பதிப் பக்கம் சித்தப்பாவின் நாலு ஏக்கர் காடு பன்னிரண்டு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. (எங்கள் பேச்சில் காடு என்றால் மானாவாரி நிலம், வனத்துறை பதற வேண்டாம்.) மேற்குப் பாதி புல்லும் வெள்வேலும். அங்கே மயில், கவுதாரி, முயல் எல்லாம் குடியேறிவிட்டன. கிழக்குப் பாதி உன்னிச்செடியும் சீமைக்கருவேலும் அடைந்த புதர். அது பன்றிக்கு வீடு. இப்போது மறுபடி பண்ணையம் பார்க்கலாம் என்கிறார். வீட்டில் மூன்று கட்சி.

தென்னைக் கட்சிக்கு ஆள் அதிகம், எனக்கு உடன்பாடு குறைவு. சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரம் மழைமறைவு. போர்வெல் போடாமல் தென்னை வராது. 2016-ல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் தலைகாட்டிய, தென்னை ஓலைச் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈயை இன்றுவரை எல்லோரும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைவிட, மரத்தடியை மொழுமொழுவென்று ரொட்டவேட்டர் ஓட்டி வைத்தால் கவுதாரி ஒண்ட ஒரு புல் மிஞ்சாது.

நிலக்கடலை நாலே மாதத்தில் காசு. ஆனால் பன்றிப் புதருக்குப் பக்கத்தில் கடலை போடுவது விருந்து வைத்து அழைப்பதுதான். கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே பன்றியைச் சுட அனுமதி தரலாம். சரி, துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவரை யார் தேடிப் பிடிப்பது? மயிலோ 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, விரட்டலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது, தமிழக எல்லைக்கு அந்தப் பக்கம் காங்கேயம், தாராபுரத்தில் காலகாலமாக இருக்கும் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. வருஷா வருஷம் உழ வேண்டாம். பட்டி பட்டியாகப் பிரித்து மாடும் ஆடும் மாற்றி மாற்றி மேயும்; கோடையில் வெள்வேல் காய் ஆட்டுக்குத் தீனி. கிளுவை வேலியின் அடியிலேயே கவுதாரி முட்டை வைக்கும். குறை ஒன்று: காசு மெதுவாகத்தான் வரும், ஆடு மேய்க்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

அமெரிக்காவில் 1985 சட்டப்படி, நிலத்தைப் புல்லாக விட்டால் 10 முதல் 15 வருஷ ஒப்பந்தம் போட்டு அரசே வாடகை தருகிறது. ஒப்பந்தம் முடிந்ததும் அங்கேயும் இதே தலைவலி: உழுவதா, மேய்ப்பதா? நமக்கு வாடகை தர ஆளில்லை. சும்மா விட்டே வைக்கலாம் என்ற நாலாவது யோசனை அதனால்தான் எடுபடவில்லை. விட்டால் உன்னி மேற்கேயும் வந்துவிடும்.

என் கணக்கு இது. மேற்குப் பாதி கொறங்காடாகவே இருக்கட்டும். பாதி வேலையைத் தரிசே செய்துவிட்டது. கிழக்கே முதலில் புதரை வேரோடு எடுத்து ஒரு வருஷம் சோளத்தட்டு, அப்புறம் பன்றி நடமாட்டத்தைப் பார்த்துக் கடலை. வரப்போரம் இரண்டு பாக அகலம் (பாகம் என்றால் இரு கையும் விரித்த நீளம்) உழாமல் விட வேண்டும். டிராக்டரை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே ஓட்டினால் குஞ்சும் முயலும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் தொடங்கி வெளியே வர வேண்டும். பெண் மயில் அடைகாப்பது ஏறக்குறைய 28 நாள். கூடு தென்பட்டால் அந்தத் துண்டை மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் போதும்.

டிராக்டர்காரர் முணுமுணுப்பார் என்கிறார் சித்தப்பா. முணுமுணுக்கட்டும்.