ஃப்ரட்டர்னிட்டியா, கோ-ஆப்பா? பதினெட்டு வயதுப் பையனுக்கு எந்த வீடு?

அமெரிக்காவில் காலேஜ் சேர்ந்த பையன்களுக்கு முதல் செமஸ்டரின் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: ரஷ் போகலாமா, வேண்டாமா? ஆண் மாணவர்கள் சேர்ந்து ஒரே வீட்டில் வாழும் சங்கங்களுக்கு ஃப்ரட்டர்னிட்டி என்று பெயர். அவை புது ஆள் எடுக்கும் நாட்கள்தான் ரஷ். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்துவிட்டு இங்கே வந்த அப்பா அம்மாவுக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். கிரேக்க எழுத்து போட்ட பனியன், பீர், சத்தம். அதனால் ஒன்று, "அந்தப் பக்கமே போகாதே" என்பார்கள். இல்லாவிட்டால், "வேலைக்கு ஆள் பழக்கம் கிடைக்குமாமே" என்று தள்ளிவிடுவார்கள். மாணவர்களே கூட்டுறவாக நடத்தும் கோ-ஆப் வீடு என்று இன்னொரு வழியும் உண்டு.

குடியும் கூத்தும் எல்லா வீட்டிலும் கூடக் குறைய இருக்கும், அதை அளந்து பயனில்லை. நான் பார்ப்பது இரண்டு விஷயம். புதிதாக வந்த பையனிடம் அந்த வீடு எந்தப் பொறுப்பை ஒப்படைக்கிறது? அவன் வாய் திறந்தால் யாராவது கேட்கிறார்களா?

பழைய பாணி

1825-ல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் காலேஜில் தொடங்கிய கப்பா ஆல்ஃபா சொசைட்டியிலிருந்துதான் இன்றைய ஃப்ரட்டர்னிட்டிகளின் வம்சாவளியைச் சொல்வார்கள். ஓஹையோவில் இருக்கும் மயாமி பல்கலைக்கழகத்தில் மட்டும் பீட்டா தீட்டா பை (1839), ஃபை டெல்டா தீட்டா (1848), சிக்மா கை (1855) என்று மூன்று பிறந்தன.

நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான். ரஷ் நாட்களில் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். பிடித்துப்போனால் பிட் கொடுப்பார்கள், அதாவது அழைப்பு. அதை வாங்கிக்கொண்டவன் சில வாரங்களுக்கு ப்ளெட்ஜ், அதாவது இன்னும் முழு உறுப்பினர் ஆகாத புதியவன். நிறுவியவர்களின் பெயர்கள், கிரேக்க எழுத்து வரிசை, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சீனியரின் ஊர், படிப்பு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வான். பிக் பிரதர் என்று ஒரு அண்ணன் அமைவார். கடைசியில் ரகசியச் சடங்கு. அது முடிந்தால்தான் முழு உறுப்பினர், கூட்டத்தில் ஓட்டு.

உள்ளே போனவனுக்குக் கிடைப்பது குறைவில்லை. இருபது வயதில் பொருளாளர் ஆனவன் வாடகை, சமையல்காரர் சம்பளம், இன்ஷூரன்ஸ், பாக்கி வைத்திருக்கும் நண்பன் என்று எல்லாவற்றையும் ஒரே நோட்டில் சமாளிக்கிறான். நண்பனிடம் முகம் கோணாமல் பணம் கேட்கப் பழகுவது சின்ன விஷயமா என்ன? பழைய மாணவர்களின் தொடர்பும் உண்மைதான், இன்டர்ன்ஷிப் தேடும்போது ஒரு போன் கால் பல கதவுகளைத் திறக்கும்.

சிக்கல் அந்த ப்ளெட்ஜ் வாரங்களில் இருக்கிறது. நம் ஊர் ராகிங்கும் இங்கே ஹேஸிங் என்பதும் பங்காளிகள். நாவரசு கொலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது நினைவிருக்கும். ஆனால் ராகிங்கில் மாட்டுகிறவன் விரும்பிப் போவதில்லை. ஹேஸிங்கில் பையன் தானாகக் கழுத்தை நீட்டுகிறான், பாதியில் எழுந்து போனால் அதுவரை பட்டதெல்லாம் வீண் என்று அவனுக்குத் தோன்றும். அதனால்தான் வெளியே சொல்வதும் இல்லை.

இதில் மதுவும் சேர்ந்துகொண்டது. 1984-ன் மத்தியச் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்கக் குடிக்கும் வயது 21 ஆனது. பாரில் நுழைய முடியாத 18 வயதுப் பையன்களுக்கு ஃப்ரட்டர்னிட்டி வீட்டின் பேஸ்மென்ட்தான் பார். அங்கே போதும் என்று நிறுத்தச் சொல்ல ஆள் கிடையாது.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2017 பிப்ரவரி 2 இரவு நடந்ததை ஒவ்வொரு பெற்றோரும் படித்திருக்க வேண்டும். பீட்டா தீட்டா பை வீடு, விதிப்படி மது கூடாத வீடு. அன்று பிட் வாங்கிய புதியவர்களை வரிசையாக ஓடவிட்டுக் குடிக்க வைத்தார்கள். 19 வயது டிம்தி பியாட்சா பேஸ்மென்ட் படிக்கட்டில் உருண்டு விழுந்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனது. இரண்டு நாள் கழித்து இறந்தான். வீட்டின் கேமராக்களில் எல்லாம் பதிவாகியிருந்தது. அன்றிரவே இளைய உறுப்பினர் ஒருவர் உதவிக்குக் கூப்பிடச் சொன்னார். அவரைச் சுவரோடு தள்ளிவிட்டார்கள். என்னால் மறக்க முடியாதது இதுதான். சரியான முடிவைச் சொன்னவன் அந்த வீட்டில் இருந்தான். ஜூனியர் பேச்சு அங்கே எடுபடவில்லை.

ப்ளெட்ஜ் இல்லாத ஃப்ரட்டர்னிட்டி

சீட்டா பீட்டா டாவ் 1989-லேயே ப்ளெட்ஜ் முறையைத் தூக்கிவிட்டது. சிக்மா ஃபை எப்சிலான் 1991-ல் ‘பேலன்ஸ்டு மேன்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. சேர்ந்த அன்றே எல்லா உரிமையும், ஓட்டும் கிடைக்கும். பிறகு நாலு வருஷமும் படிப்பு, உடம்பு, தலைமை என்று படிப்படியான சவால்கள். சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014-ல் நிறுத்தியதற்குக் காரணம் வேறு. 2006-க்குப் பிறகு குறைந்தது ஒன்பது உயிர்கள் போய், பேர் கெட்டுப்போனது.

காகிதத்தில் பார்த்தால் இதுதான் சரியான ஏற்பாடு. ஆனால் தலைமையகம் இந்தியானாவிலோ வர்ஜீனியாவிலோ இருக்கும், பழக்கவழக்கம் இந்த வீட்டில் இருக்கும். "நாங்கள் பட்டோம், நீயும் படு" என்கிற நாலு சீனியர்கள் போதும், வேறு பெயரில் எல்லாம் திரும்பி வந்துவிடும். பென் ஸ்டேட் வீட்டின் ‘மது கூடாது’ விதியும் காகிதத்தில் பத்திரமாகத்தான் இருந்தது.

நம் பையன்களின் ஃப்ரட்டர்னிட்டி

தெற்காசியப் பையன்களுக்கென்றும் உண்டு. பிங்ஹாம்டனில் அயோட்டா நூ டெல்டா (1994), ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை (1998), யுசிஎல்ஏ-வில் பீட்டா கை தீட்டா (1999) தொடங்கின. தீபாவளி நிகழ்ச்சி, நடனப் போட்டி, கூடைப்பந்து என்று இவர்கள் இல்லாமல் கேம்பஸில் நம் கூட்டம் கூடாது. வீட்டில் ஒரு விதமாகவும் வெளியே ஒரு விதமாகவும் இருக்கப் பழகிய பையனுக்கு, விளக்கம் சொல்லாமல் புரிந்துகொள்ளும் கூட்டம் கிடைப்பது பெரிய ஆறுதல். தனிமையில் சுருங்கிப்போயிருக்க வேண்டியவர்களை அது மீட்டிருக்கிறது, சந்தேகமில்லை.

ஆனால் "நம்மவர்கள்தானே, அங்கே இதெல்லாம் நடக்காது" என்று நினைப்பவர்கள் 2013 டிசம்பரைப் பார்க்க வேண்டும். பை டெல்டா சை என்ற ஆசிய அமெரிக்க ஃப்ரட்டர்னிட்டி, நியூயார்க் பாரூக் காலேஜ் மாணவர்களை பென்சில்வேனியாவின் போகோனோ மலைக்குக் கூட்டிப்போனது. புதியவனின் கண்ணைக் கட்டி, முதுகில் மணல் பையை ஏற்றி, இருட்டில் நடக்கவிட்டு, மோதிக் கீழே தள்ளும் சடங்கு. ஆசியர்கள் அமெரிக்காவில் பட்ட கஷ்டத்தை உணர்த்தவாம்! முதலாண்டு மாணவர் ஒருவர் உயிர் போனது. வழக்கின் முடிவில் அந்த அமைப்பையே பென்சில்வேனியாவிலிருந்து பத்து வருஷத்துக்கு விலக்கி வைத்தார்கள்.

கோ-ஆப்

நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத வழி இது. பெர்க்லியில் 1933-ல், பொருளாதார மந்தத்தின் நடுவே, வாடகை கட்ட வழியில்லாத மாணவர்கள் சேர்ந்து ஒரு வீடெடுத்துத் தாங்களே சமைத்துக்கொண்டார்கள். இன்று அந்த பெர்க்லி ஸ்டூடன்ட் கோஆப்பரேட்டிவில் 1,200-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரிலும் இதுபோல் உண்டு. சாப்பாடு உட்பட்ட வாடகை, வாரத்துக்குச் சில மணி நேர வேலை. பெர்க்லியில் பெரும்பாலும் ஐந்து மணி.

அந்த வேலையை ‘வொர்க்‌ஷிஃப்ட்’ என்பார்கள். வீட்டில் தட்டை சிங்க்கில் போடக்கூட எழுந்திருக்காத பையன், இங்கே நூறு பேருக்குக் குழம்பு வைத்த அண்டாவைத் தேய்ப்பான். வராவிட்டால் அபராதம். வொர்க்‌ஷிஃப்ட் மேனேஜரும் இன்னொரு மாணவிதான், கெஞ்சினால் மசிய மாட்டாள். அடுத்த வாரம் வெங்காயம் எவ்வளவு வாங்குவது, பத்து மணிக்கு மேல் பாட்டு வைக்கலாமா, உடைந்த கதவுக்கு யார் பணம் என்பதெல்லாம் ஹவுஸ் கவுன்சில் கூட்டத்தில் ஓட்டுக்கு வரும். நேற்று வந்தவனுக்கும் நாலாவது வருஷக்காரனுக்கும் ஒரே ஓட்டு. கூட்டம் இழுத்துக்கொண்டே போகும், உப்புச் சப்பில்லாத விவாதமெல்லாம் நடக்கும். ஆண், பெண் எல்லாரும் ஒரே வீட்டில் இருப்பதால், பெண்களைப் பார்ட்டி விருந்தாளிகளாக மட்டும் பார்க்கிற பழக்கம் வருவதற்கில்லை. கணக்கைச் சரியாக எழுதவில்லை என்று திட்டுபவள் அவள்தானே.

புனிதமான இடம் என்று நினைக்க வேண்டாம். அழுக்கு நிஜம், தூங்க முடியாத இரவுகளும் நிஜம். பெர்க்லியின் பெரிய கோ-ஆப்பான க்ளாய்ன் கோர்ட்டில் போதை மருந்துச் சிக்கல் வழக்கு வரை போய், 2014-ல் அதை மதுவும் போதையும் இல்லாத வீடாக மாற்ற வேண்டியதாயிற்று. சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கண்காணிக்க ஆளே இல்லையென்றால் எந்த வீடும் கெடும். வேலைக்குத் தூக்கிவிடும் பழைய மாணவர் வலையும் கோ-ஆப்பில் அந்த அளவுக்கு இல்லை.

என் கணக்கு

கோ-ஆப் இருக்கும் ஊரென்றால் முதலாண்டை விடுதியில் முடித்துவிட்டு இரண்டாம் ஆண்டு அங்கே போகச் சொல்வேன். வேலைக்கான தொடர்புதான் நோக்கம் என்றால் ஆல்ஃபா கப்பா சை மாதிரி பிசினஸ் ஃப்ரட்டர்னிட்டி போதும். ஆணும் பெண்ணும் சேரலாம், வீடு மாற வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. கூட்டத்தோடு இருந்தால்தான் மலர்கிற பையன் என்றால் ப்ளெட்ஜ் இல்லாத ஃப்ரட்டர்னிட்டியோ தெற்காசிய ஃப்ரட்டர்னிட்டியோ தப்பில்லை, விசாரித்துவிட்டுச் சேரட்டும். பழைய பாணி வீட்டை நான் கடைசியில்தான் வைப்பேன்.

விசாரிக்க இப்போது வழி இருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான ‘ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங்’ சட்டப்படி, ஹேஸிங்கில் விதி மீறியதாக முடிவான மாணவர் அமைப்புகளின் விவரத்தைப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் போட வேண்டும். பிட்டில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை அப்பாவும் மகனும் சேர்ந்து படிக்கலாம். அப்புறம், ரஷ் சமயத்தில் அந்த வீட்டுத் தலைவரிடம் பையனே இரண்டு கேள்வி கேட்கட்டும்: "எனக்கு எந்த நாளிலிருந்து ஓட்டு? போன வருஷம் பாதியில் விலகியவர் யாராவது இருந்தால் அவரோடு நான் பேசலாமா?" இரண்டாவது கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் அடுத்த வீட்டைப் பார்க்கலாம்.