கடலடி நேரலை வகுப்பு: மீனை ஜெயித்த பாட்டில்

கடலுக்கடியில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் தங்கியிருக்கும் ஆய்வாளர் ஒருவர் காணொலியில் மாணவர்களோடு 45 நிமிடம் பேசுவார். இதுதான் அந்தச் சேவை. என் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பதிவு செய்திருந்தேன். இயற்பியல் வாத்தியாருக்குக் கடலில் என்ன வேலை என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். நேரலை என்று சொல்லிவிட்டு, முதல் 15 நிமிடம் பதிவு செய்த படத்தைத்தான் ஓட்டினார்கள். பவளப்பாறை, ஆமை, பின்னணி இசை. அழகுதான், ஆனால் இதைவிட நல்ல படங்களைப் பிள்ளைகள் போனிலேயே பார்த்திருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் இரண்டு பேர் தூங்கியே விட்டார்கள்.

அப்புறம் அந்த அம்மா நேரடியாக வந்தார். பின்னால் ஒரு கட்டில், ஒரு வட்ட ஜன்னல், தரையில் திறந்தபடியே ஒரு ஓட்டை. அதில் கடல் தண்ணீர் தளும்புகிறது. "தண்ணீர் ஏன் மேலே ஏறவில்லை?" என்று கேட்டார். கவிழ்த்த டம்ளரை வாளியில் அமுக்கிப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். உள்ளே இருக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் தண்ணீரைத் தடுத்து நிற்கிறது. மேலே இருப்பதைப் போல இரண்டரை மடங்கு அழுத்தம்.

அடுத்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக் காட்டினார். மேலே காலியாக மூடிக் கீழே கொண்டு வந்ததாம். கசக்கிப் பிழிந்த மாதிரி ஒட்டிப் போயிருந்தது. மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று காற்று உள்ளே போய், பாட்டில் படபடவென்று நிமிர்ந்தது. ஒரு லிட்டர் காற்று 400 மில்லியாகச் சுருங்கியிருக்கும் என்று ஒருவன் கத்தினான். அழுத்தம் கூடக் கூடக் காற்றின் கன அளவு சுருங்கும் என்ற பாயில் விதியை நான் இரண்டு வாரம் நடத்தியும் அவன் வாயைத் திறந்ததில்லை. விசிலடித்தும் காட்டினார்; அடர்த்தியான காற்றில் வெறும் ஊதல்தான் வந்தது. வகுப்பே விசிலடித்துப் பார்த்தது. அதற்குத் தலைமையாசிரியரிடம் நான் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் அந்த நாளின் கேள்வி ஒரு மாணவியிடமிருந்து வந்தது. "ஒரு நாள் தங்கினாலும் ஒரு மாசம் தங்கினாலும் மேலே வர ஒரே நேரம்தானா?" கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு நாள் வாக்கில் உடம்பு அந்த அழுத்தத்துக்கு ஏற்ற நைட்ரஜனை நிறைத்துக்கொண்டுவிடும், அதற்கு மேல் ஏறாது. திரும்பும்போது கூடத்தை மூடி, உள்ளே அழுத்தத்தை மெல்ல மெல்ல இறக்குவார்கள். ஃபுளோரிடா அருகே உள்ள அக்வேரியஸ் கூடத்தில் இதற்கு 17 மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு ஏறினால் சோடா மூடியைத் திறந்த கதைதான், ரத்தத்தில் குமிழி. பதில் பாதியில் இருக்கும்போதே நேரம் முடிந்தது என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். மீதியை நான்தான் சொல்லி முடித்தேன். அந்த 15 நிமிடப் படம் இல்லாதிருந்தால்!

கூடவே அனுப்பிய பாடத்தாள் பரவாயில்லை. 1962இல் பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் கூஸ்தோவின் குழுவில் இரண்டு பேர் 10 மீட்டர் ஆழத்தில் ஒரு வாரம் வாழ்ந்தது, 2014இல் அவர் பேரன் ஃபேபியன் அக்வேரியஸில் 31 நாள் தங்கி அங்கிருந்தே பள்ளிகளோடு பேசியது எல்லாம் இருக்கிறது. 1970இல் டெக்டைட் என்ற கடலடிக் கூடத்தில் கடல் உயிரியலாளர் சில்வியா எர்ல் தலைமையில் ஐந்து பெண்கள் மட்டுமே இரண்டு வாரம் தங்கியதை மட்டும் ஏனோ கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். என் வகுப்புப் பெண்பிள்ளைகள் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் மறுநாள் கேட்டார்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். மூன்றும் அந்த அம்மாவுக்கும் பாட்டிலுக்கும், அரை பாடத்தாளுக்கு. பதிவு செய்பவர்கள் ஒரு காலி பாட்டிலும் ஒரு வாளித் தண்ணீரும் வகுப்பில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை படத்தை விட்டுவிட்டு நேராகக் கேள்விக்கு வரலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.