மேகத்துக்குள் ஒரு செஸ்னா

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 என்ற விமானம் ஓட்டும் கணினி விளையாட்டை நான் வாங்கியது விமானங்களுக்காக இல்லை, மேகங்களுக்காக. 2006-இல் வந்த அதன் பழைய பதிப்பான எஃப்எஸ்எக்ஸில் மேகம் என்பது தட்டையான படம்தான். எந்தப் பக்கம் போனாலும் நம்மைப் பார்த்தே திரும்பிக்கொள்ளும். புதியதில் மேகத்துக்குக் கனம் இருக்கிறது. உள்ளே புகும் ஒளி சிதறுவதையும் கணக்கிடுகிறார்கள். அதனால் வெயில் படும் ஓரம் பஞ்சு வெள்ளை, அடிவயிறு சாம்பல்.

போன வாரம் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் கிழக்கிலிருந்து இறங்கினேன். இருபுறமும் ஆல்ப்ஸ், நடுவே இன் நதிப் பள்ளத்தாக்கு. அந்த ஊரின் நிஜ வானிலையையே காட்டும் நேரடி வானிலையைப் போட்டிருந்தேன்; அந்தத் தரவு சுவிட்சர்லாந்தின் வானிலை நிறுவனமான மீட்டியோபுளூவிலிருந்து வருகிறது. மலைகளின் பாதி உயரம்வரை மேகம். உள்ளே நுழைந்ததும் இறக்கை நுனிகூட மங்கிப்போனது. முன் கண்ணாடியில் மழைத்துளிகள் கீழே வழியாமல் மேல்நோக்கி ஓடின, காற்றின் வேகம் அப்படி. வெளியே வந்தால் ஓடுபாதை 26 நேர் எதிரே. அப்பாடா! நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கே உள்ளங்கை வியர்த்துவிட்டது.

பாவம், என் கணினிதான். மேகத் தரத்தை 'அல்ட்ரா'வில் வைத்தால் பழைய கிராஃபிக்ஸ் கார்டு மூச்சு வாங்குகிறது. அதன் விசிறிச் சத்தத்தில் செஸ்னா எஞ்சின் கேட்பதே இல்லை. சரி என்று 'ஹை'க்கு இறக்கினேன். தூரத்து மேக ஓரங்கள் லேசாகப் புள்ளி தட்டுகின்றன. பறக்கும்போது அதை யார் பார்க்கிறார்கள்? அப்புறம், ஆசைப்பட்டுத் தனியாக ஒரு வானிலை ஆட்-ஆனும் (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) வாங்கினேன். பெயர் வேண்டாம். இரண்டே நாளில் அழித்துவிட்டேன்.