டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கும் உப்புக் காற்றும்: சில வருட அனுபவம்

எங்களுக்கு மண்டபம் பக்கம் வீடு. ராமநாதபுரத்துக்கும் பாம்பன் பாலம் தாண்டி ராமேசுவரத்துக்கும் மாறி மாறி ஓடும் டீசல் கார். வாரன்டி முடிந்த கொஞ்ச காலத்தில், டேஷ்போர்டில் சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு, அதாவது டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு, எரிய ஆரம்பித்தது. கூடவே ஏபிஎஸ் விளக்கும் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது ஏபிஎஸ்). இந்தக் கரையோரம் கார் வைத்திருப்பவர்களுக்கு என்றைக்காவது இது வரும் என்பதால், பார்த்ததையும் செய்ததையும் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த விளக்கு ஓட்டும்போது மட்டும் மினுக்மினுக்கென்று எரிந்து அணைந்தால் பயப்பட வேண்டாம். சக்கரம் வழுக்குகிறது, கார் அதைப் பிடித்து நிறுத்துகிறது என்று பொருள். அணையாமல் நின்று எரிந்தால்தான் கோளாறு. ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தைப் பார்க்கும் சென்சார் ஒன்று உண்டு. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால் இன்ஜின் சக்தியைக் குறைத்து, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுப்பதுதான் டிராக்‌ஷன் கன்ட்ரோல். ஏபிஎஸ்ஸுக்கும் அதே சென்சார்கள்தான். அதனால்தான் இரண்டு விளக்கும் சேர்ந்து வருகின்றன. சாதாரண பிரேக் அப்போதும் வேலை செய்யும். ஆனால் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

வண்டியை விட்ட முதல் பட்டறையில், லிஃப்டில் ஏற்றிக்கூடப் பார்க்காமல் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். மொத்தச் சிஸ்டத்திலும் விலை கூடிய பாகம் அது. எனக்கு மனசு ஒப்பவில்லை. உச்சிப்புளிப் பக்கம் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். “அண்ணே, காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி நாலு வீலும் என்ன வேகம் சொல்லுதுன்னு ஓட்டிப் பாத்துருவோம்” என்றார். இந்த விஷயத்தில் நான் கேட்ட ஆகச் சிறந்த யோசனை இதுதான்.

காரில் பதிவாகும் கோளாறு எண்களை (கோடு) படிக்கும் கருவிதான் ஸ்கேனர். விலை மலிவானவற்றில் பல இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் கோடுகள் ‘சி’ எழுத்தில் தொடங்குபவை. அவற்றைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். எங்களுக்கு வந்தது சி0045, எங்கள் காரில் அது இடது பின்சக்கரம். நேர்சாலையில் மெதுவாக ஓட்டி, ஓடும்போதே ஸ்கேனரில் வரும் அளவுகளை (லைவ் டேட்டா) பார்த்தோம். மூன்று சக்கரம் ஒரே வேகம் காட்ட, இடது பின்சக்கரம் மட்டும் அவ்வப்போது பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தது.

சக்கரத்தைக் கழற்றி, உள்ளே சென்சார் வயரை இணைக்கும் கப்ளரைப் பிரித்தால், பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சென்சாரில் ஒரு குறையும் இல்லை. கான்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவிப் பூட்டினோம். ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டியதும் விளக்கு அணைந்தது. யூனிட் விலையோடு ஒப்பிட்டால் செலவு என்று சொல்லவே ஒன்றும் இல்லை. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைக்கப் பார்ப்பது வேண்டாம். கோளாறு அப்படியேதான் இருக்கும்.

அதற்கப்புறம் மறுபடி வந்தபோது இடது முன்சக்கரம். இந்தத் தடவை கப்ளர் சுத்தமாக இருந்தது. சென்சார் உட்காரும் இடத்தில் துரு உப்பி, சென்சாரையே லேசாக மேலே தூக்கியிருந்தது. அந்த இடைவெளி கூடினாலே சிக்னல் பலவீனமாகிவிடும். துருவைச் சுரண்டிச் சமன் செய்ததில் சரியானது. ஒன்று கவனியுங்கள்: துருப்பிடித்த சென்சாரை நெம்பினால் உள்ளேயே உடைந்துவிடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, பொறுமையாகத் திருகித்தான் எடுக்க வேண்டும்.

சென்சார் எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் டயர் காற்று, நாலு டயரும் ஒரே அளவா, பேட்டரி பலவீனமா, பிரேக் லைட் சுவிட்ச், ஸ்டீயரிங் கோண சென்சார் என்று வரிசையாகப் பார்க்கலாம். எங்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

எங்கள் ஊர்க் காரணங்கள் வேறு. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இரண்டு பக்கமும் கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கண்ணாடியில் உப்பு படிவது கண்ணுக்கே தெரியும். போதாததற்கு மீன் வண்டிகளிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீர் நம் சக்கரத்தில்தான் தெறிக்கிறது. சரி, கழுவிவிடலாம் என்றால், இங்கே பல வீடுகளில் போர் தண்ணீரே உப்புத் தண்ணீர்! அதை அடித்துக் கழுவினால் உப்பின் மேல் உப்பு. குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றச் சொல்ல எனக்கும் மனம் வராது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்து, சக்கர உள்பக்கத்துக்கு மட்டும் ஒன்றிரண்டு வாளி ஊற்றுகிறேன். வெளியே கார் கழுவும் கடைக்குப் போனால், முதலில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பேன்.

2017-இல் தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபிறகு விருந்தாளி வந்தாலே அங்கேதான் போகிறோம். காற்றுக் காலத்தில் மணல் சாலையிலேயே ஏறிக் கிடக்கும். ஓரம் இறங்கிச் சக்கரம் புதைந்தால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் சக்தியைக் குறைத்துக்கொண்டே இருக்கும், கார் நகராது. அப்போது மட்டும் சுவிட்சை அமுக்கி அதை அணைத்துவிட்டு மெதுவாக வெளியே எடுங்கள். தார் ஏறியதும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். ஈரப் பாலத்தில் பக்கக் காற்று தள்ளும்போது அது உயிருடன் இருப்பது பெரிய ஆறுதல்.

வருடத்தில் வாடை மழைக்கு முன்பும் கச்சான் ஓய்ந்த பிறகும் கப்ளர்களைத் திறந்து பார்க்கிறோம். அதன் பிறகு விளக்கு வரவில்லை. இப்போது வலது முன்பக்க பேரிங் முனகுகிறது. எங்கள் காரில் சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே இருப்பதால், புது பேரிங்கைத் திருப்பிப் போட்டு அடித்துவிட்டால் சிக்னலே வராது. மாற்றும் அன்று கூடவே நின்று பார்த்துக்கொள்ளப் போகிறேன்.