புகை டெஸ்டில் ஃபெயிலான 2007 வேகன் ஆரும், நம்பரைப் படிக்கத் தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப்பும்

சென்னை அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பைப் பற்றிய ரிவ்யூ இது. பெயர் போடப் போவதில்லை. இப்போதே போன் பண்ணினால் "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்" என்கிறார், கூட்டம் சேர்ந்தால் எனக்கே இடம் கிடைக்காது. ஆனால் அவர் என்ன செய்தார் என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் ஊரில் யாரிடம் போகலாம், யாரிடம் போகக் கூடாது என்று நீங்களே பிரித்துப் பார்த்துவிடலாம்.

வண்டி 2007 வேகன் ஆர், பெட்ரோல், பி.எஸ். 3 (அதாவது பாரத் ஸ்டேஜ் 3 என்ற புகை விதிப்படி செய்தது). இந்த வயது பெட்ரோல் காருக்குப் புகை டெஸ்டில் ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 0.5 சதவீதம், ஹெச்.சி. (எரியாத பெட்ரோலின் ஹைட்ரோகார்பன்) 750 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 750 பங்கு, வரைதான் அனுமதி. பி.எஸ். 4 வண்டி என்றால் இன்னும் கறார், 0.3-உம் 200-உம். என் வண்டிக்கு வந்தது சி.ஓ. 1.8, ஹெச்.சி. 310. அதாவது ஹெச்.சி.யில் பாஸ், சி.ஓ.வில் படுதோல்வி. டெஸ்ட் எடுத்த வேன்காரர் "வேற வண்டி சைலன்சர்ல குழாயை விட்டு பாஸ் போட்டுத் தரவா சார்" என்று ரொம்ப அன்பாகக் கேட்டார். வேண்டாம் என்றதும், நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்ட மாதிரி பார்த்தார். சர்டிஃபிகேட் இல்லாமல் மாட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், அதனால் அப்படி வாங்கிக்கொள்கிறவர்களின் பயம் புரிகிறது. ஆனால் பிரச்சினை வண்டிக்குள்ளேயேதான் இருக்கும், பெட்ரோலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து வழக்கமாக விடும் மெக்கானிக். சீட்டைப் பார்த்தார், பானெட்டைக்கூடத் திறக்கவில்லை, "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு, 28 ஆயிரம் ஆகும்" என்றார். சைலன்சர் லைனில் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் பாகம் அது. பழைய உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழசு எடுத்துப் போட்டால் குறையும் என்று ஒரு யோசனையும் சொன்னார். பழைய கன்வெர்ட்டரை வெளியிலிருந்து பார்த்து அது உயிரோடு இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது, உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பகுதி இருக்கிறதா, உடைத்து எடுத்துவிட்டார்களா என்பதே சந்தேகம். உள்ளே பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் இருப்பதால் கழற்றியதை வாங்கிக்கொள்ள ஆள் தயாராக இருப்பார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அம்பத்தூருக்கு வருவோம். இவரிடம் புகையில் நான்கு வாயுக்களை அளக்கும் அனாலைசர் இருக்கிறது. புகை டெஸ்ட் சீட்டில் நாம் பார்ப்பது சி.ஓ.வும் ஹெச்.சி.யும்தான். இவர் கூடவே ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் பார்க்கிறார். வண்டியை முதலில் ஒரு ரவுண்டு ஓட்டி நன்றாகச் சூடாக்கிக்கொண்டு வந்தார். கன்வெர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரி வந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும், க்யூவில் இன்ஜினை அணைத்துப் போட்டுக் காத்திருந்துவிட்டு அப்படியே டெஸ்ட் கொடுத்தால் நல்ல வண்டிகூட ஃபெயிலாகலாம் என்றார். அப்புறம் ஐட்லிங்கில் ஒரு ரீடிங், 2500 ஆர்.பி.எம்.மில் ஒரு ரீடிங்.

ஐட்லிங்கில் சி.ஓ. 1.8, ஆக்சிஜனும் 2 சதவீதத்துக்கு மேல். இங்கேதான் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெட்ரோல் அதிகமாகப் போய் சி.ஓ. ஏறினால் ஆக்சிஜன் எரிந்து தீர்ந்து கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும். பிளக் ஒழுங்காக அடிக்காமல் மிஸ் ஆனால் ஆக்சிஜன் ஏறும், ஆனால் கூடவே ஹெச்.சி. எகிறும், சி.ஓ. இவ்வளவு வராது. சி.ஓ.வும் ஆக்சிஜனும் சேர்ந்து அதிகம், ஹெச்.சி. அடக்கமாக இருக்கிறது என்றால் வெளிக்காற்று எங்கோ சைலன்சர் லைனுக்குள் புகுகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். 2500-இல் சி.ஓ. 0.8-க்கு இறங்கியது. வேகம் கூடினால் புகையின் அழுத்தம் கூடி வெளிக்காற்று உள்ளே வருவது குறையும், அதனால் சந்தேகம் வலுத்தது. ஆனால் 0.8-உம் அதிகம்தானே, அதனால் இரண்டாவதாகவும் ஏதோ இருக்கிறது என்று அப்போதே சொல்லிவிட்டார்.

லீக்கைக் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாக்குவம் கிளீனரின் காற்று வெளியே தள்ளும் பக்கத்தை சைலன்சர் வாயில் வைத்துத் துணியால் அடைத்து, இன்ஜின் ஆறியதும் ஜாயின்ட் ஜாயின்ட்டாக சோப்புத் தண்ணீர் தெளித்தார். இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் மேனிஃபோல்டும் சைலன்சர் பைப்பும் சேரும் இடத்தில் இருக்கும் கேஸ்கெட்டில் (இடைவெளியை அடைக்கும் தகடு) நுரை பொங்கியது. அந்த இடத்தில் கரிக்கோடும் இருந்தது. புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருக்கும் இடம் அது. ஐட்லிங்கில் ஒவ்வொரு புகைத் தள்ளலுக்கும் நடுவில் அழுத்தம் விழும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது, சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று நினைக்கிறது, இ.சி.யூ. (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) அதை நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றுகிறது. சென்சார் சொன்னது பொய்யில்லை, அது நிற்கும் இடத்தில் காற்று அதிகமாகத்தான் இருந்தது.

கேஸ்கெட் மாற்றிய பிறகு ஐட்லிங் சி.ஓ. 0.7. இன்னும் ஃபெயில்தான். நிறைய பேர் இந்தக் கட்டத்தில் புது ஆக்சிஜன் சென்சாரைத் தலையில் கட்டிவிடுவார்கள். இவர் மல்டிமீட்டர் வைத்து அது 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் சுறுசுறுப்பாக ஏறி இறங்குவதைக் காட்டி, "இது நல்லாத்தான் இருக்கு, விடுங்க" என்றார். அப்புறம் ஸ்கேனரை மாட்டினார். ஆன்லைனில் கிடைக்கும் மலிவு புளூடூத் ஸ்கேனர் இந்த வயது வண்டிகள் பலவற்றோடு பேசாது, மாருதிக்கான புரோகிராம் இருக்கும் ஸ்கேனர் வேண்டும், அதனால் அதை நம்பிப் பணம் போடாதீர்கள். இவருடைய ஸ்கேனரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம் 60 டிகிரியைத் தாண்டவே இல்லை. வண்டி ஓடிவிட்டு வந்திருக்கிறது, வெளியே சென்னை வெயில், 85-க்கு மேல் இருக்க வேண்டும்.

ஹவுசிங்கைத் திறந்தால் தெர்மோஸ்டாட்டே இல்லை! இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வு அது. எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவரின் மெக்கானிக் யாரோ, ஹீட் ஆகிறது என்று கழற்றி எறிந்திருக்கிறார். நம் ஊரில் இது ஒரு நிரந்தர வைத்தியம். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் கடைசிவரை சரியாகச் சூடாகாது, இன்னும் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டியே விடும். ஹீட் பிரச்சினை இருந்தால் ரேடியேட்டரையும் ஃபேனையும் பார்க்க வேண்டும், பாவம் அந்த வால்வு என்ன செய்யும்.

புது தெர்மோஸ்டாட், கூலன்ட், கூடவே ஆயில் மாற்றம். இத்தனை நாள் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கும், அதன் ஆவியும் இன்ஜினுக்குள்ளேயே திரும்பப் போய் ரீடிங்கை ஏற்றும் என்றார். கடைசி ரீடிங் சி.ஓ. 0.2, ஹெச்.சி. 90. 28 ஆயிரம் கேட்ட கன்வெர்ட்டர் அதே பழையதுதான். இன்ஃப்ராரெட் கன்னில் அதன் வெளிவாய் உள்வாயைவிடச் சூடாக இருப்பதையும் காட்டினார், ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு பண்ணக் கூடாது என்று அவரே சேர்த்துக்கொண்டார். அனாலைசர் செக் 700, எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய்.

குறைகளும் உண்டு. பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். உட்கார இடம் கிடையாது, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதிலும் டூல்ஸ் இருக்கும். காலையில் வரச் சொன்னால் மதியம்தான் வண்டியைத் தொடுகிறார். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லும் நல்ல குணம் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் நம் வண்டி அப்படியே நிற்கும். ஊரில் வேறு இடம் தேடுகிறீர்கள் என்றால் போனிலேயே கேளுங்கள்: அனாலைசரில் ஆக்சிஜன் ரீடிங் வருமா, ரிப்பேருக்கு முன்னும் பின்னும் பிரின்ட் தருவீர்களா. "அதெல்லாம் எதுக்கு சார், கொண்டு வாங்க பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு நம்பரைப் போடுங்கள்.

டீசல் வண்டிக்காரர்கள் இவரிடம் போய்ப் பயனில்லை. அதற்கு ஸ்மோக் மீட்டர் வேண்டும், அவரிடம் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லையாம்.