நேரப் பட்டியலா, நேருக்கு நேர் கணக்கா?

உலக மெய்வல்லுநர் சம்பியன்ஷிப் நெருங்கினால் வெள்ளவத்தையில் எங்கள் நண்பர்களிடையே ஒரு தாள் சுற்றும். ஒவ்வொரு போட்டிக்கும் முதல் மூன்று பேரை எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசியாக வருபவர் எல்லோருக்கும் ரோல்ஸும் பிளேன் டீயும் வாங்கித் தர வேண்டும். ரோல்ஸுக்காகவா இவ்வளவு சண்டை என்று பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

சண்டை பெரும்பாலும் எப்படிக் கணிப்பது என்பதில்தான். ஒரு கட்சி அந்த ஆண்டின் சிறந்த நேரங்களின் பட்டியலை எடுத்து, மேலிருந்து மூன்று பெயரை அப்படியே இறக்கிவிடும். மற்றக் கட்சி நேரத்தை விட்டுவிட்டு, அந்தப் பருவத்தில் யார் யாரை முந்தினார் என்று பார்க்கும். நான் இப்போது இரண்டாவது கட்சி. ஆகவே இதை நடுநிலை அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

பட்டியல் சுலபம். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஒருவர் மற்ற எல்லோரையும் விட வெகுதூரம் முன்னால் இருக்கும் போட்டிகளில் அது பிழைக்காது. கோலூன்றிப் பாய்தலில் டுப்லாண்டிஸின் பெயரை எழுத எந்த முறையும் தேவையில்லை.

சிக்கல், அந்த நேரம் எப்படி ஓடப்பட்டது என்பதைப் பட்டியல் சொல்லாததில் இருக்கிறது. என்னைக் கட்சி மாற வைத்தது இதுதான், அதிலும் குறிப்பாக பேஸ்மேக்கர் விவகாரம். டயமண்ட் லீக் என்ற வருடாந்த சர்வதேசத் தொடரின் போட்டிகளில் நடுத்தூர ஓட்டத்துக்குக் கூலிக்கு முன்னால் ஓட ஆள் இருப்பார். தடத்தின் உள்விளிம்பில் வேகத்தைக் காட்டும் விளக்குகள் ஓடும். ஒரே ஓட்டம், அன்றைக்கே வேலை முடிந்தது. சம்பியன்ஷிப்பிலும் ஒலிம்பிக்கிலும் இவை ஒன்றும் கிடையாது. தகுதிச்சுற்று, அரையிறுதி என்று கால் களைத்த பிறகுதான் இறுதி.

2024 பரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் 1500 மீற்றரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் மொனாக்கோவில் யாக்கொப் இங்கபிரிக்ட்சன் 3:26.73 ஓடியிருந்தார். பட்டியலில் அவர்தான் முதலாவது. ஆனால் மே மாதம் யூஜினில் ஒரு மைல் ஓட்டத்தில் ஜொஷ் கெர் அவரை முந்தியிருந்தார். 2023 உலக சம்பியன்ஷிப் இறுதியிலும் தங்கம் கெருக்குத்தான் போனது. அமெரிக்கத் தெரிவுப் போட்டியில் கோல் ஹொக்கர் யாரெட் நுகுசேயை முந்தியிருந்தார். நம் நேரப்படி நள்ளிரவு 12.20க்கு இறுதி ஓட்டம். முன்னால் ஓட ஆள் இல்லாததால் இங்கபிரிக்ட்சனே முன்னால் போய், மற்றவர்களுக்குச் சம்பளமில்லாத பேஸ்மேக்கர் ஆனார். கடைசி நேர்த்தடத்தில் ஹொக்கர் உள்பக்கமாகப் புகுந்தார். ஹொக்கர் 3:27.65, கெர் 3:27.79, நுகுசே 3:27.80. பட்டியலின் முதல்வருக்கு நான்காவது இடம். நேருக்கு நேர் கணக்கு ஹொக்கருக்குத் தங்கம் என்று சொல்லவில்லை, அது உண்மை. ஆனால் கெர் இங்கபிரிக்ட்சனுக்கு முன்னால், ஹொக்கர் நுகுசேக்கு முன்னால் என்று சொன்னது இரண்டும் சரி.

குறுந்தூரத்தில் பேஸ்மேக்கர் இல்லை. அங்கே காற்றும் ஓடிய இடத்தின் உயரமும் கணக்கைக் குழப்பும். நம் யுபுன் அபேகோன் 2022 ஜூலையில் 9.96 செக்கனில் ஓடியது சுவிற்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோனில். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயரத்தில் உள்ள ஊர், காற்றின் தடை குறைவு. அடுத்த மாதம் பேர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டில் அவர் வெண்கலம் வென்றது 10.14 செக்கனில்.

2025 டோக்கியோ உலக சம்பியன்ஷிப்பின் ஆண்கள் 100 மீற்றர் இரண்டு முறைக்கும் நல்ல சோதனை. பட்டியல்படி கிஷேன் தொம்சன் 9.75, கென்னத் பெட்னாரெக் 9.79, ஒப்லிக் செவில் 9.83. நேருக்கு நேர் பார்த்தால், ஜமைக்கா தேசியப் போட்டியில் தொம்சன் செவிலை முந்தினார். லண்டனிலும் லோசானிலும் செவில் நோவா லைல்ஸை முந்தினார். எனவே தொம்சன், செவில், லைல்ஸ். பதக்கம் வென்றதும் இந்த மூவர்தான். வரிசை மட்டும் மாறி, செவில் 9.77இல் தங்கம், தொம்சன் வெள்ளி, லைல்ஸ் வெண்கலம். பெட்னாரெக் நான்காவது. பரிஸ் ஒலிம்பிக் 200 மீற்றர் சம்பியன் லெட்சிலே டெபோகோ முந்திப் புறப்பட்டு வெளியேற்றப்பட்டார். அதைக் கணிக்க சாத்திரிதான் வேண்டும்.

உலகத் தரவரிசைப் புள்ளிகளைப் பார்த்து எழுதும் ஒரு நண்பரும் உண்டு. பெரும்பாலான போட்டிகளுக்கு 12 மாதத்தின் சிறந்த ஐந்து பெறுபேறுகளின் சராசரி அது. நேரத்துக்கும் புள்ளி, பிடித்த இடத்துக்கும் புள்ளி. யார் தகுதி பெறுவார் என்று பார்க்க நல்லது. காயத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய ஆளை அது கீழே தள்ளிவிடும் என்பதால் பதக்கத்துக்கு நான் நம்புவதில்லை.

எறிதல் போட்டிகளில் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை, பெரிதாகப் பேசமாட்டேன். டோக்கியோ ஈட்டி எறிதலுக்கு முன் ஜூலியன் வெபர் சூரிச்சில் 91.51 மீற்றர் எறிந்து அங்கு வந்தவர்களையும் வென்றிருந்தார். இரண்டு முறையிலும் அவர்தான் முதலாவது. முடிவில் ஐந்தாவது. கெஷோர்ன் வோல்கொட் 88.16 மீற்றரில் தங்கம் கொண்டுபோனார். நம் ருமேஷ் தரங்க 84.38 எறிந்து ஏழாவதாக, நீரஜ் சோப்ராவுக்கு ஓர் இடம் முன்னால் வந்ததை எங்கள் தாள்களில் தேடினாலும் கிடைக்காது.

ஆசிய விளையாட்டு வந்தால் என் முறைக்குத் தீனி குறைந்துவிடும். பலர் அதற்கு முன் ஒரே தடத்தில் சந்தித்தே இருக்கமாட்டார்கள். ஆசிய சம்பியன்ஷிப் நடந்த ஆண்டென்றால் அதன் முடிவைப் பிடித்துக்கொள்ளலாம். 2023இல் நம் தருஷி கருணாரத்ன பாங்கொக் ஆசிய சம்பியன்ஷிப்பில் 800 மீற்றரை வென்றார், சில மாதத்தில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2:03.20 என்ற மெதுவான ஓட்டத்திலும் தங்கம் அவருக்கே. அப்படியொரு போட்டி இல்லாத ஆண்டில் நானும் பட்டியலைத்தான் திறப்பேன்.